போகிமான் கோ: இரண்டு அட்டாக்கையும் சேர்த்து டிபிஎஸ் கணக்குப் போடுவது எப்படி?

மச்சாம்ப் என்ற ஃபைட்டிங் டைப் போகிமானின் பக்கத்தைத் திறந்தால், அதன் அட்டாக்குகளில் க்ளோஸ் காம்பாட்டுக்கு பவர் 100, டைனமிக் பஞ்சுக்கு 90 என்று போட்டிருக்கும். புதிதாக ஆட வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு 100-ஐ எடுப்பார். ரெய்டில் (பெரிய பாஸ் போகிமானை நேரத்துக்குள் வீழ்த்தும் சண்டையில்) ஜெயிப்பதோ 90. காரணம் ஒரு சின்ன வகுத்தல் கணக்கில் இருக்கிறது. போன் கால்குலேட்டரே போதும்.

இங்கே வரும் அட்டாக் எண்கள் ரெய்டுக்கும் ஜிம்முக்கும் பல வருடம் இருந்தவை. அட்டாக்குகளின் எண்களை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் நீங்கள் போடும்போது அன்றைய எண்ணைப் பார்த்துப் போடுங்கள். முறை அதேதான்.

படி 1: எண்களை எடுத்து எழுதுங்கள்

ஃபாஸ்ட் அட்டாக்குக்கு (திரையைத் தட்டத் தட்ட விழும் சின்ன அடி) மூன்று எண்: பவர், பிடிக்கும் நேரம், தரும் எனர்ஜி. சார்ஜ்டு அட்டாக்குக்கும் (எனர்ஜி சேர்ந்தபின் விடும் பெரிய அடி) மூன்று: பவர், நேரம், செலவாகும் எனர்ஜி. நேரத்தைத் திரையில் காட்ட மாட்டார்கள், வெளியே தேடித்தான் எடுக்கவேண்டும். எனர்ஜி செலவைத் திரையிலேயே படிக்கலாம். சார்ஜ்டு அட்டாக்கின் பட்டை ஒரே துண்டாக இருந்தால் 100, இரண்டு துண்டானால் 50, மூன்றானால் 33.

கவுண்டர் (மச்சாம்பின் ஃபாஸ்ட் அட்டாக்): பவர் 12, நேரம் 0.9 விநாடி, தருவது 8 எனர்ஜி.
டைனமிக் பஞ்ச்: பவர் 90, நேரம் 2.7 விநாடி, செலவு 50.
க்ளோஸ் காம்பாட்: பவர் 100, நேரம் 2.3 விநாடி, செலவு 100.

பவரை நேரத்தால் வகுத்தால் டிபிஎஸ், அதாவது விநாடிக்கு எவ்வளவு டேமேஜ் என்பது. டைனமிக் பஞ்சுக்கு 33.3, க்ளோஸ் காம்பாட்டுக்கு 43.5. இங்கேயும் க்ளோஸ் காம்பாட்தான் முன்னால் நிற்கிறது. பலர் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள்.

படி 2: ஒரு முழுச் சுற்றைக் கணக்கிடுங்கள்

சார்ஜ்டு அட்டாக் சும்மா வருவதில்லை. அதற்கான எனர்ஜி சேரும்வரை ஃபாஸ்ட் அட்டாக்கைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்தால்தான் உண்மை தெரியும்.

50 எனர்ஜிக்கு 50 ÷ 8 = 6.25 கவுண்டர். (கால் கவுண்டர் என்று ஒன்று கிடையாது. மிச்ச எனர்ஜி அடுத்த சுற்றுக்குப் போவதால் சராசரி இப்படி வருகிறது.) அதற்கு ஆகும் நேரம் 6.25 × 0.9 = 5.625 விநாடி, டேமேஜ் 6.25 × 12 = 75. இதோடு டைனமிக் பஞ்ச் ஒன்று: மொத்த டேமேஜ் 165, மொத்த நேரம் 8.325 விநாடி.

165 ÷ 8.325 = 19.8. இதுதான் கூட்டு டிபிஎஸ்.

இப்போது க்ளோஸ் காம்பாட். 12.5 கவுண்டர் தேவை, 11.25 விநாடி, 150 டேமேஜ். மொத்தம் 250 ÷ 13.55 = 18.5. அவ்வளவு நேரம் தட்டிக் காத்திருந்ததில் 43.5 கரைந்துபோய்விட்டது.

படி 3: ஃபாஸ்ட் அட்டாக்கை மாற்றிப் பாருங்கள்

கராத்தே சாப்: பவர் 8, நேரம் 0.8, எனர்ஜி 10. தனியாகப் பார்த்தால் டிபிஎஸ் வெறும் 10, கவுண்டருக்கோ 13.3. ஆனால் ஐந்தே அடியில் 50 எனர்ஜி வந்துவிடுகிறது: (40 + 90) ÷ (4 + 2.7) = 19.4. கால்வாசி பலவீனமான அட்டாக், சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்டச் சமம்! ஆகவே கராத்தே சாப் இருக்கிற மச்சாம்பை அவசரப்பட்டு புரொஃபசருக்கு அனுப்பிக் கைவிட்டுவிடாதீர்கள்.

படி 4: எதிரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

சொந்த டைப் அட்டாக் என்றால் 1.2 மடங்கு. எதிரிக்கு அது பலவீனம் என்றால் 1.6, இரட்டைப் பலவீனம் என்றால் 2.56. வானிலை ஒத்துவந்தால் இன்னொரு 1.2, ஃபைட்டிங் டைப்புக்கு மேகமூட்டம்.

ஓர் அடிக்கான டேமேஜ்:
0.5 × பவர் × (அட்டாக் ÷ டிஃபென்ஸ்) × மடங்குகள். தசமத்தை வெட்டிவிட்டு 1 கூட்டவேண்டும்.

டைரானிட்டார் மூன்று நட்சத்திர பாஸாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லெவல் 40-இல் முழு ஐவி (பிறவியிலேயே வரும் கூடுதல் புள்ளிகள்) உள்ள மச்சாம்பின் அட்டாக் சுமார் 197, பாஸின் டிஃபென்ஸ் சுமார் 162. வகுத்தால் 1.2. டைரானிட்டாரின் ராக், டார்க் டைப் இரண்டுமே ஃபைட்டிங் அடிக்குப் பலவீனம், ஆக 2.56.

0.5 × 1.2 × 1.2 × 2.56 = 1.8432. கவுண்டர் 22.1, வெட்டிக் கூட்டினால் 23. டைனமிக் பஞ்ச் 165.9, அது 166.

சுற்று: 6.25 × 23 + 166 = 309.75. அதை 8.325-ஆல் வகுத்தால் 37.2.

மூன்று நட்சத்திர பாஸுக்கு ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 3600, நேரம் 180 விநாடி. 3600 ÷ 37.2 = சுமார் 97 விநாடி. காகிதத்தில் ஒரே ஆளாக முடித்துவிடலாம் போலத்தான் தெரியும். ஆனால் மச்சாம்ப் நடுநடுவே விழும், அடுத்ததை இறக்க நேரம் போகும், டாட்ஜ் செய்து அடியிலிருந்து விலகும்போதெல்லாம் தட்டுவது நிற்கும். அந்த மீதி நேரம் இதற்கெல்லாம் செலவாகும்.

இன்னொன்று: நீங்கள் வாங்கும் அடியும் எனர்ஜி தரும், 2 ஹெச்பி போனால் 1 எனர்ஜி வீதம். எனர்ஜி 100-ஐத் தாண்டினால் மிச்சம் வீண். 100 செலவுள்ள அட்டாக் இதில்தான் அதிகம் அடிவாங்கும். பட்டை நிரம்பும்போது பாஸின் பெரிய அடி விழுந்தால் அதில் வந்த எனர்ஜி போயே போச்சு, அல்லது அட்டாக் விடுவதற்குள் மச்சாம்பே போய்ச்சேரும். ஆகவே 18.5 என்பதும் கொஞ்சம் தாராளமான மதிப்பீடுதான்.

ட்ரெய்னர் பேட்டிலுக்கு (இன்னொரு ஆட்டக்காரரோடு மோதும் சண்டைக்கு) இந்த எண்களைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பல அட்டாக்குகளுக்கு வேறு பவர், வேறு எனர்ஜி. நேரம் அரை விநாடி டர்ன்களில் ஓடும். அடியைத் தடுக்க ஆளுக்கு இரண்டு ஷீல்டு வேறு.