காதலே இல்லாத கல்யாணத்தப் பத்தின மெதுவான நாவல எப்படி படிக்கிறது

இந்த மாதிரி நாவல எடுத்தா எப்ப சண்ட வரும், எப்ப பிரிவாங்கன்னு தேடாதீங்க, கதை அதுல இல்ல. முதல்ல அந்தக் கல்யாணம் யாருக்கு எதுக்கு தேவப்பட்டுச்சுன்னு பாருங்க, பணமா, அந்தஸ்தா, தனியா இருக்கற பயமா, அது பிடிபட்டா பாதி புரிஞ்சிடும்.

அப்புறம் யார் உக்காந்திருக்கா, யார் நிக்கிறா, இதெல்லாம் கவனிங்க. ஹென்றி ஜேம்ஸோட 1881 நாவல் தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடில கதாநாயகி இசபெல் ரூமுக்குள்ள வர்றா, புருஷன் ஆஸ்மண்ட் சேர்ல சாஞ்சு உக்காந்திருக்கான், இசபெலோட தோழி மேடம் மெர்ல் நின்னுட்டிருக்கா, ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசல, அவ்ளோதான் சீன். ஆனா அந்தக் காலத்துல ஒரு லேடி நிக்கும்போது ஆம்பள உக்காந்திருக்கான்னா அவங்களுக்குள்ள எவ்ளோ நெருக்கம் இருக்கணும்! இத வேகமா புரட்டிட்டா நாவலே கைநழுவிப் போயிடும்.

42வது அத்தியாயத்துல இசபெல் விடிகாலை நாலு மணி வரைக்கும் தனியா உக்காந்து தன் கல்யாணத்தப் பத்தியே யோசிக்கிறா, அத மட்டும் ஒரே மூச்சுல படிங்க, நடுவுல போன எடுக்காதீங்க ப்ளீஸ். மத்தபடி ஒரு நாளைக்கு ரெண்டு அத்தியாயம் போதும், புருஷன் மேல கோவம் வந்தா கூட அவன் பேசுறத ஸ்கிப் பண்ணாம படிங்க.