குளியலறைக்குச் சாயம்: வண்ண அட்டையைக் கடைசியில் எடுங்கள்

குளியலறைச் சுவருக்கும் பேசின் அலமாரிக்கும் நிறம் தேடுபவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய் வண்ண அட்டையை விரித்துத்தான் தொடங்குகிறார்கள். பல தவறுகள் அங்கேயே ஆரம்பமாகிவிடுகின்றன. டைல்ஸ், பேசின், கழிப்பறைத் தொட்டி, விளக்கு, ஈரம் ஆகிய ஐந்தும் அந்த அறையில் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த நிறம் எடுபடும் என்பதை அவைதான் தீர்மானிக்கும்.

முதலில் டைல்ஸ். சிங்கப்பூரின் புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கட்டடம் கட்டி முடிந்த முதல் மூன்றாண்டுகளுக்குக் குளியலறையின் சுவர், தரை டைல்ஸைப் பெயர்த்து மாற்ற அனுமதி இல்லை. அதனால் பிடிஓ (முன்பதிவின் பேரில் கட்டப்படும் புதிய வீவக) வீட்டுக்குச் செல்பவர்கள் கொடுக்கப்பட்ட டைலுக்குப் பொருந்தும் நிறத்தைத்தான் தேட வேண்டும். டைல் ‘பீஜ்’ என்று தெரிந்தால் மட்டும் போதாது. அதற்குள் மஞ்சள் இருக்கிறதா, இளஞ்சிவப்பு இருக்கிறதா, பச்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை ஏ4 தாள் ஒன்றை டைல் மேல் ஒட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். தாளின் வெண்மைக்குப் பக்கத்தில் உள்ளே இருக்கும் சாயல் வெளியே வந்துவிடும். இளஞ்சிவப்புச் சாயல் உள்ள டைலுக்கு மேலே உள்ள சுவரில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தைப் பூசினால் டைலில் அழுக்கு படிந்ததுபோல் தோன்றும். வெளிர்மஞ்சள் டைலுக்கு மேலே தூய வெள்ளை பூசினாலும் இதே கதைதான். மறுபுறம், பேசினும் கழிப்பறைத் தொட்டியும் பளிச்சென்ற வெள்ளைப் பீங்கான். அவற்றை ஒட்டி நிற்கும் அலமாரிக்கு மஞ்சள் கலந்த வெள்ளை கொடுத்தால் புது அலமாரியே பழசாகத் தெரியும். அங்கே தூய வெள்ளையை வையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளையைவிட்டுத் தெளிவாக விலகிய ஒரு நிறத்துக்குப் போய்விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

அடுத்தது விளக்கு. சாயம் வாங்கிய பிறகு விளக்கை மாற்றுவது தலைகீழ் வேலை. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள். மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் விளக்கில் சாம்பல் நிறம் பழுப்பாகும், நீலம் மங்கும். பலரும் மாட்டும் 6500 கெல்வின் ‘டேலைட்’ விளக்கில் வெதுவெதுப்பான நிறங்கள் வெளிறிப்போகும். கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கவும் சவரம் செய்யவும் 4000 கெல்வின் நடுநிலையாக இருக்கும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90 அல்லது அதற்கு மேல் உள்ள விளக்காகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் அழுத்தமான பச்சை வேண்டாம். அந்த நிறம் முகத்தில் விழும், நம் மாநிறத் தோல் கண்ணாடியில் சோர்ந்து தெரியும்.

சின்ன அறை என்றால் வெள்ளைதான் என்ற விதியையும் நாங்கள் ஏற்பதில்லை. சன்னலே இல்லாத கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீட்டு) குளியலறையில் திருப்பிவிட வெளிச்சம் இல்லாததால் வெள்ளைச் சுவர் சாம்பலாகத்தான் தெரியும். அங்கே நடுத்தர ஆழமுள்ள நிறம் வெள்ளையைவிட நன்றாக எடுபடும்.

இனி ஈரம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், செலவு வைப்பதும் இதுதான். சிங்கப்பூரில் விடியுமுன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஆகவே காலை பத்து மணிக்கு மேல் பூசத் தொடங்கி, சன்னலைத் திறந்துவைத்து, காற்றுவெளியேற்றியையும் ஓடவிடுங்கள். படுக்கையறையில் மிஞ்சிய மேட் (பளபளப்பில்லாத) சாயத்தைக் குளியலறை உட்கூரைக்குப் பூச வேண்டாம். மேட் பரப்பு நுண்துளைகள் நிறைந்தது. நீராவியையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும், தேய்த்தால் தேய்த்த தடம் நிற்கும். பூஞ்சைத் தடுப்பு உள்ள சாட்டின் (மெல்லிய பளபளப்பு) அல்லது அதைவிடப் பளபளக்கும் செமி-கிளாஸ் வாங்குங்கள். ஆனால் பளபளப்பு கூடக்கூடச் சுவரின் மேடு பள்ளமும் கூடுதலாகத் தெரியும். பூச்சு சமமாக இல்லாத பழைய மறுவிற்பனை வீட்டுக்குச் சாட்டினே போதும்.

உட்கூரையில் கறை இருந்தால் அது என்ன கறை என்று முதலில் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் பூஞ்சை. ஓரம் அடர்ந்த பழுப்பு வளையம் என்றால் மேல்வீட்டிலிருந்து நீர் கசிகிறது. கசிவின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த சாயம் பூசினாலும் அது கொப்புளித்து உரியும். வீவக வீடுகளில் இந்தக் கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவரின் கூட்டுப் பொறுப்பு. முதலில் போய்ப் பேசுங்கள், சாயம் பிறகு. பூஞ்சைக்கு ஒரு பங்கு பிளீச்சும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்து தடவி, 15 நிமிடம் விட்டு, கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். பிளீச்சைக் கழிப்பறை அமிலத்தோடோ அமோனியா உள்ள திரவத்தோடோ எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். பூஞ்சையைக் கொல்லாமல் மேலே பூசினால் புதுச் சாயத்தைத் துளைத்துக்கொண்டு மறுபடி வரும்.

அடர்நிறம் விரும்புபவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீர்சார்ந்த சாயம் சரியாக இறுகுமுன் நீராவி பட்டால், அதிலுள்ள சோப்புத்தன்மை கொண்ட சேர்மங்கள் வெளியே கசிந்து, பிசுபிசுப்பான பழுப்புக் கோடுகளாகச் சுவரில் வழியும். நிறமி அதிகம் கலந்த அடர்நிறங்களில் இது கூடுதலாக நடக்கும், கூடுதலாகத் தெரியவும் செய்யும். சாயம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ஈரத்துணியால் ஓரிரு முறை துடைத்தால் போய்விடும். பூசிய பிறகு குறைந்தது 48 மணி நேரம் வேறு குளியலறையில் குளிப்பது இதைத் தவிர்க்க எளிய வழி.

பேசின் அலமாரியைச் சுவரைப்போல நினைப்பது அடுத்த பெருந்தவறு. இங்குள்ள அலமாரிகளில் பெரும்பாலானவை ஒட்டுப்பலகை மேல் லேமினேட் ஒட்டியவை. சுவர்ச் சாயம் அதில் பிடிக்காது. நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வரும். முதலில் எண்ணெய்ப்பிசுக்கு நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். பிறகு 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, தூசி துடைத்து, வழுவழுப்பான பரப்புக்கென்றே உள்ள ஒட்டுப் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கை, அதன்மேல் நீர்சார்ந்த எனாமல் மெல்லிதாக இரண்டு கை. கதவின் கீழ்விளிம்பை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் வழிந்து நிற்பது அங்கேதான், பலகை உப்புவதும் அங்கிருந்துதான். ஏற்கெனவே உப்பிய பலகைக்குச் சாயம் மருந்தாகாது, மாற்றத்தான் வேண்டும்.

வெள்ளை அலமாரிக்கு எண்ணெய்சார்ந்த எனாமல் வேண்டாம். அது வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும், அதாவது கதவின் உட்புறமே முதலில் மாறும். தொட்டால் காய்ந்ததாகத் தெரியும் சாயம் முழுதாக இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குமுன் கதவை இறுக மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பிய்யும். கதவு சட்டத்தில் படாதிருக்க மூலைகளில் சின்ன ரப்பர் பொட்டுகள் ஒட்டிவையுங்கள்.

நம் வீடுகளில் மஞ்சள், குங்குமம், தலைச்சாயம், நல்லெண்ணெய் எல்லாம் பேசினைச் சுற்றித்தான் புழங்கும். துணியில் பட்ட மஞ்சள் வெயிலில் மங்கிவிடும், குளியலறையில் வெயில் ஏது? வெள்ளை மேட் அலமாரியில் பட்ட மஞ்சள்கறை அப்படியே நிற்கும். பழுப்பு கலந்த சாம்பல், ஆலிவ் பச்சை, கருநீலம் போன்றவற்றைச் சாட்டினில் பூசினால் கறையும் எடுப்பாகத் தெரியாது, துடைப்பதும் எளிது. மிக அடர்ந்த கறுப்பில் காய்ந்த நீர்த்துளியும் முகப்பவுடரும் பளிச்சென்று தெரியும் என்பதால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

முடிவெடுக்குமுன் ஏ4 அட்டையில் இரண்டு கை பூசி, காய்ந்ததும் சுவரில் நிற்கவைத்துக் காலையிலும் இரவிலும் பாருங்கள். ஒரு லிட்டர் சாயம் ஒரு கைக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். நான்கு சதுர மீட்டர் உட்கூரைக்கு இரண்டு கை பூச ஒரு லிட்டர் போதும். ஐந்து லிட்டர் வாளி வேண்டாம். தீபாவளிக்காகப் பூசுபவர்கள் அலமாரியைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். முந்திய வாரம் பூசிய கதவு, விருந்தினர் கை பட்டே தடம் விழும். கடையில் உங்கள் நிறத்தைக் கலந்த கலவை எண்ணை டப்பா மூடியிலும் கைப்பேசியிலும் குறித்துவைத்தால், பின்னால் ஒரு கீறலைச் சரிசெய்ய முழுக் கதவையும் மறுபடி பூச வேண்டியிருக்காது.