டக் வேலைக்குப் போகுமுன்: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர் ஷூவும் ராணிப்பேட்டைத் தோலும் கன்டெய்னரில் ஏறிச் சென்னைத் துறைமுகம் போகின்றன. அங்கே பெரிய கப்பலைத் தள்ளியும் இழுத்தும் கரையணைப்பவை டக் எனப்படும் இழுவைக் கப்பல்கள். கடலே இல்லாத நம் மாவட்டத்திலிருந்து அந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் சில தவறுகளை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

டக் என்றால் இழுப்பது மட்டும்தான் என்பது முதல் தவறு. திருவண்ணாமலைத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான். கப்பலின் பின்புறம் கயிறு கட்டி வரும் டக்கும் அப்படித்தான்: அது பிரேக், அதுவே சுக்கான். இன்னொரு டக் கப்பலின் விலாவில் முகத்தை வைத்துத் தள்ளும். தீயணைப்பு, நங்கூரம் தூக்குவது, தரைதட்டிய கப்பலை மீட்பது என்று தனித்தனி டக்குகள் உண்டு. துறைமுக டக்கில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பலாம். பார்ஜை (சரக்கேற்றும் தட்டையான படகை) இழுத்துக்கொண்டு ஆழ்கடல் போகும் டக்கிலோ மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர், அதாவது சைக்கிள் வேகத்தில், வாரக்கணக்கான பயணம். எந்த டக் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குதிரைசக்தியை வைத்து டக்கை எடை போடுவதும் தவறு. கரையிலுள்ள பொல்லார்டில் (கப்பலைக் கட்டும் இரும்புத் தூணில்) கட்டி இழுக்கவைத்து அளக்கும் ‘பொல்லார்ட் புல்’தான் கணக்கு. இன்றைய துறைமுக டக்குகள் பலவற்றில் அது 50 முதல் 80 டன் வரை. ஒரே இன்ஜின் சக்திக்கும் புரொப்பெல்லர் அமைப்பைப் பொறுத்து இழுவை மாறும்.

ஆளைக் கொல்லும் தவறுகள் கயிற்றில்தான் நடக்கின்றன. நைலான் கயிறு நன்றாக நீண்டுகொடுக்கும். அறுந்தால் சவுக்காகத் திரும்பி வந்து காலையே துண்டிக்கும். ஹெச்.எம்.பி.இ. என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு அவ்வளவாக நீளாது, அதனால் திருப்பி அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் அடிக்கும். கயிறு பாயும் இடமென்று டெக்கில் (கப்பலின் மேல்தளத்தில்) வரைந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றால் போதும் என்பதும் வீண் நம்பிக்கை. கயிறு எதைச் சுற்றி வருகிறதோ அதைப் பொறுத்து அது பாயும் திசை மாறும். கயிறு இழுவையில் இருக்கும்போது டெக் முழுவதுமே ஆபத்து. கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கவே கூடாது. மேலே கப்பலிலிருந்து முதலில் எறியும் மெல்லிய வீச்சுக்கயிற்றின் முடிச்சில் எடைக்காகச் சிலர் இரும்பு நட்டுகளைச் செருகிவிடுகிறார்கள். கயிறு வந்து விழும்வரை தலைக்கவசத்தோடு மறைவில் நில்லுங்கள்.

இதைவிடக் கொடியது ‘கர்ட்டிங்’. இழுவைக் கயிறு டக்கின் பக்கவாட்டுக்கு வந்து, பெரிய கப்பல் இழுக்கும் வேகத்தில் டக்கையே குப்புறக் கவிழ்த்துவிடும். இழுவைக் கொக்கி நடுவில் உள்ள பழைய பாணி டக்குகளில் இந்த ஆபத்து அதிகம். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும், கீழே இருப்பவர் ஏறிவர நேரமிருக்காது. இழுவைப் புள்ளியைப் பின்னுக்குக் கொண்டுவரும் ‘காப்’ கயிற்றைப் போடாமல் விடுவதும், அவசரத்தில் கொக்கியை விடுவிக்கும் ‘குவிக் ரிலீஸ்’ வேலைசெய்கிறதா என்று முன்கூட்டியே சோதிக்காததும் இதற்குக் காரணங்கள். இன்னொரு தவறு டக்கை மூழ்கவே வைத்துவிடும்: வெக்கை தாங்காமல் இன்ஜின் அறைக் கதவைத் திறந்து வைப்பது. சற்றுச் சாய்ந்து நிமிர வேண்டிய டக் அந்தக் கதவு வழியாக நீர் புகுந்து மூழ்கும். வேலூர் வெயிலுக்குப் பழகியவருக்கும் அந்த அறை கொதிக்கத்தான் செய்யும். இருந்தாலும் கயிறு மாட்டுவதற்கு முன் கதவும் ஹேட்சும் (டெக்கிலுள்ள திறப்பு மூடியும்) மூடியிருக்க வேண்டும்.

வேலைக்குச் சேரும் வழியிலும் ஏமாறாதீர்கள். ஜி.பி. ரேட்டிங் என்பது கப்பலின் டெக்கிலும் இன்ஜின் அறையிலும் வேலை பார்க்கும் அடிப்படைப் பணியாளராக, 10-ஆம் வகுப்பு தேறியவர்களுக்கான 6 மாதப் பயிற்சி. பயிற்சி நிறுவனம், மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டி.ஜி. ஷிப்பிங்கின் அங்கீகாரம் பெற்றதா என்று டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்திலேயே பாருங்கள். இண்டோஸ் எண்ணும் (மாலுமிக்கான பதிவு எண்) சி.டி.சி.யும் (மாலுமிக்கான பணிப் பதிவேடு) இல்லாமல் “வா, ஏற்றிவிடுகிறேன்” என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள், ஆர்.பி.எஸ்.எல். (மாலுமிகளை வேலைக்கு எடுத்துத் தரும் உரிமம்) உள்ள நிறுவனம் வேலைக்கு அமர்த்துவதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், டி.ஜி. ஷிப்பிங் பட்டியலிலுள்ள மருத்துவரிடம் கண்ணைக் காட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கு டெக்கில் இடமில்லை. பயிற்சிக் கட்டணம் கட்டிய பிறகு அதைத் தெரிந்துகொண்டால் பணம் போனதுதான்.