கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள்: மேடைக் குரலில் நேரும் தவறுகள்

மேடைப் பேச்சுக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் தொடக்கத்தைத்தான் மெருகேற்றுகிறார்கள். "அவையோர்க்கு வணக்கம்" கணீரென்று வந்துவிடும். குரல் தோற்பது வாக்கியங்களின் முடிவில். தமிழில் வினை கடைசியில் வருகிறது. "உழவர்களுக்கு நன்மை கிடைத்தது" என்றாரா, "கிடைக்கவில்லை" என்றாரா என்பது அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. மூச்சு தீர்ந்து அது அமுங்கிப்போனால், பின்வரிசையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் முகம் சுளிக்க, பேசுகிறவரோ தம் குரலே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். பலருடைய தன்னம்பிக்கை உடைவது இந்த இடத்தில்தான்.

இதில் பாதிப் பழி எழுத்தைச் சேரும். "வந்து, பார்த்து, கேட்டு, உணர்ந்து" என்று எச்சங்களை அடுக்கி எழுதிய வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. அதை இரண்டாக உடையுங்கள். மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு பின்னாலிருந்து பயிற்சி செய்யுங்கள்: முதலில் "கிடைக்கவில்லை" மட்டும், அடுத்து "நன்மை கிடைக்கவில்லை", அதன்பின் முழு வாக்கியம். கடைசி அசை வரை ஒரே பலம் இருக்க வேண்டும். ஒரு வாரம் இப்படிப் படித்தால் நாக்குக்கே பழகிவிடும்.

மீதிப் பாதி மூச்சு. பதற்றத்தில் தோளைத் தூக்கி மேல்மார்பால் மூச்சிழுப்பது அடுத்த தவறு. காற்றும் போதாது, கழுத்துத் தசையும் இறுகும். மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்கும்படி 5 நிமிடம் மூச்சு விடுங்கள். பிறகு நின்றுகொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று 15 விநாடி, ஒலி ஏறாமல் இறங்காமல் விடுங்கள். எளிதாக வந்ததும் 20, 25 என்று கூட்டலாம்.

சத்தமாகப் பேசுவதாக நினைத்துச் சுருதியைக் கூட்டுகிறவர்கள் உண்டு. கம்பீரம் வேண்டுமென்று தொண்டையை அழுத்தி அடிக்குரலில் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டுமே பத்து நிமிடத்தில் குரலைக் கரகரக்க வைக்கும். தொலைபேசியில் எதிராளி சொல்வதற்கு "ம்ம்" கொட்டுகிறீர்களே, அந்தச் சுருதிக்குப் பக்கத்தில்தான் உங்கள் இயல்பான குரல் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒலிப்பதிவில் தம் குரலைக் கேட்டு மனம் தளர்வதும் தவறே. பேசும்போது மண்டையோட்டு எலும்பு வழியாகவும் ஒலி காதுக்கு வருவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லை. மற்றவர்கள் என்றும் கேட்டுப் பழகியது பதிவில் இருப்பதைத்தான். அதில் அழகைத் தேடாமல், கடைசிச் சொல் கேட்கிறதா, ழகரமும் ளகரமும் பிரிந்து ஒலிக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கையில் பிடிக்கும் மைக்கை வாயிலிருந்து சுமார் ஒரு சாண் தூரத்துக்குள், மோவாய் உயரத்தில், சற்றே சாய்த்துப் பிடியுங்கள். நேர் எதிரே வைத்தால் "ப" வரும் சொற்களில் காற்று மோதி 'டப்' என்று வெடிக்கும். வலைத் தலையைக் கையால் பொத்தினால் மைக் கூவத் தொடங்கும். பக்கவாட்டில் திரும்பும்போது மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். எதிரொலிக்கும் கல்யாண மண்டபங்களில் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. வேகத்தைக் குறைத்து, வாக்கியங்களுக்கு இடையே ஒரு விநாடி விடுங்கள்.

மேடையேறும் முன் தொண்டையைக் கனைக்காதீர்கள். குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதி வீங்கும், சளி இன்னும் சேரும். ஒரு மிடறு தண்ணீர் விழுங்கினால் போதும். பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம்தான், ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, மூச்சுக்குழாயின் வாயிலில் இருக்கும் குரல்நாணை நேரடியாகத் தொடுவதில்லை. தண்ணீரும் உடலில் சேர்ந்த பிறகே அதை ஈரமாக்கும், அதனால்தான் அன்று காலையிலிருந்தே போதிய தண்ணீர் குடித்து வர வேண்டும். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுப்பதைவிட, மெதுவான இயல்புக் குரலே நல்லது. கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.