அமிகா எமுலேட்டரில் எந்தப் புரோகிராமுக்கு எந்த ஓஎஸ்? 1.2 முதல் 3.2 வரை

பழைய அமிகா கணினியை இன்றைய கணினியில் நடித்துக் காட்டும் எமுலேட்டரும் அதற்கான ஓஎஸ் பதிப்புகளும் அடங்கிய அமிகா ஃபாரெவர் தொகுப்பை நிறுவித் திறந்தால் 1.3, 2.04, 3.1, 3.எக்ஸ் என்று வரிசையாகப் பதிப்புகள் நிற்கும். விண்டோஸ் பழகிய கை நேராகப் பெரிய எண்ணுக்குத்தான் போகும். அங்கேதான் சிக்கல் ஆரம்பம். 1989-இல் வந்த ஒரு விளையாட்டை 3.1-இல் ஓட்டிப் பாருங்கள். தலைப்புப் படம் வரும், இசை ஒரு நொடி ஒலிக்கும், அப்படியே நின்றுவிடும். பிளாப்பி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறு இடத்தில் அதே ஃபைலைத் தேடி அலைவார்கள். பெரும்பாலும் பிளாப்பியில் குறையே இருக்காது. அமிகாவைப் பொறுத்தவரை ரோம், பிளாப்பி, எந்திரம் மூன்றும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு அடிப்படை. அமிகாவின் ஓஎஸ் இரண்டு பாதி கொண்டது. கிக்ஸ்டார்ட் என்பது ரோம் சிப்பில் இருக்கும் பாதி: கர்னல், ஜன்னல்களை வரையும் பகுதி, டிஸ்க்கைப் படிக்கும் பகுதி எல்லாம் அதற்குள். வொர்க்பெஞ்ச் என்பது டிஸ்க்கிலிருந்து வரும் பாதி: ஐகான்கள், கட்டளைகள், செட்டிங்குகள். 1985-இல் வந்த அமிகா 1000-இல் மட்டும் கிக்ஸ்டார்ட்டும் பிளாப்பியிலிருந்தே ஏறும். விளையாட்டுகளில் பெரும்பாலானவை வொர்க்பெஞ்சைத் தொடுவதே இல்லை, தங்கள் பிளாப்பியிலிருந்தே பூட் ஆகும். ஆகவே விளையாட்டுக்குக் கிக்ஸ்டார்ட் எண்தான் முக்கியம். வேலைக்கான புரோகிராம்களுக்கு இரண்டும் பொருந்த வேண்டும்.

எண்களை ஒருமுறை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எமுலேட்டர் பட்டியல்களில் இரண்டு வகை எண்களும் கலந்து வரும். கிக்ஸ்டார்ட் 1.2-இன் உள் எண் 33.180. 1.3 என்றால் 34.5. அமிகா 500 பிளஸ்ஸில் வந்த 2.04 என்பது 37.175. அமிகா 1200-உம் 4000-உம் 1992-இல் 3.0 உடன் வந்தன, அது 39.106. அடுத்து வந்த 3.1, அமிகா 500, 600, 2000-க்கு 40.63, 1200, 3000, 4000-க்கு 40.68. 1.2, 1.3 ரோம்கள் 256 கேபி. 2.04-இலிருந்து 512 கேபி.

அமிகா 600-இன் 2.05-இல் ஒரு தனி வம்பு உண்டு. அதே 2.05 பெயரில் 37.299, 37.300, 37.350 என மூன்று ரோம்கள் இருக்கின்றன. 37.299-க்கு உள் ஹார்ட் டிஸ்க்கே தெரியாது. 600-ஐ ஹார்ட் டிஸ்க்குடன் அமைப்பதானால் 37.350-ஐ எடுங்கள்.

ரோம் ஃபைல் சரிதானா என்று பார்ப்பது எப்படி

அமிகா ஃபாரெவரின் ரோம்கள் (ரோம் சிப்பின் நகல் ஃபைல்கள்) பொது ஆவணங்கள் ஃபோல்டரில் 'அமிகா ஃபைல்ஸ்', அதற்குள் 'ஷேர்டு', அதற்குள் 'ரோம்' என்ற இடத்தில் இருக்கும். அவற்றை எஃப்எஸ்-யுஏஇ என்ற இன்னொரு எமுலேட்டருக்கோ வேறு கணினிக்கோ கொண்டுபோகும்போது பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த ரோம்கள் பூட்டப்பட்டவை. கூடவே இருக்கும் 'ரோம்.கீ' என்ற சின்னச் சாவி ஃபைலையும் சேர்த்துக் கொண்டுபோகாவிட்டால் எமுலேட்டர் ரோமை அடையாளமே காணாது.

பூட்டியதா இல்லையா என்பதை அளவை வைத்தே சொல்லிவிடலாம். சாதாரண 512 கேபி ரோம் சரியாக 5,24,288 பைட். பூட்டியது 5,24,299 பைட். அந்த 11 பைட்தான் முன்னால் ஒட்டியிருக்கும் அடையாளம். 256 கேபி ரோமில் இதே கணக்கு 2,62,144-உம் 2,62,155-உம். இந்த நான்கில் எதுவுமே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது பாதி இறங்கிய ஃபைலாகவோ வேறு சாதனத்தின் ரோமாகவோ இருக்கலாம். பிளாப்பியின் நகலான இமேஜ் ஃபைலுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு: வழக்கமான ஏடிஎஃப் ஃபைல் 9,01,120 பைட் இருக்க வேண்டும்.

ரோமே கிடைக்காவிட்டால் விண்டோஸுக்கான அமிகா எமுலேட்டரான வின்யுஏஇ தன்னுள் இருக்கும் ஏரோஸ் ரோமை எடுத்துக்கொள்ளும். அது கட்டற்ற மென்பொருளாக எழுதப்பட்ட மாற்று ரோம். சில விளையாட்டுகள் அதில் ஓடும், பல ஓடாது. திரையில் வழக்கமான கிக்ஸ்டார்ட் படம் வராமல் வேறு லோகோ வந்தால், ரோம் ஏறவில்லை என்று புரிந்துகொண்டு ரோம் பக்கத்தில் 'ரீஸ்கேன்' அழுத்துங்கள்.

சரியான ரோம் ஏறியதா என்பதைத் திரையே காட்டிவிடும். 1.3 என்றால் வெள்ளைப் பின்னணியில் ஒரு கை பிளாப்பியைப் பிடித்திருக்கும். 2.04-இலிருந்து அடர்ந்த ஊதாப் பின்னணியில் பிளாப்பி டிரைவுக்குள் போகும் காட்சி வரும். முழுத் திரையும் சிவப்பானால் ரோம் கெட்டது. பச்சையானால் சிப் ரேம் (பட, ஒலி சிப்புகளும் பயன்படுத்தும் நினைவகம்) அமைப்பில் கோளாறு. மஞ்சள் என்றால் தொடக்கத்திலேயே பிராசஸர் தடுக்கி விழுந்திருக்கிறது.

விளையாட்டுகளுக்கு: 1.3

1987 முதல் 1991 வரை வந்த எதற்கும் முதலில் 1.3-ஐயே முயலுங்கள். வின்யுஏஇ-இன் குவிக்ஸ்டார்ட் பக்கத்தில் ஏ500 தேர்வு செய்து, 1.3 ரோம், ஓசிஎஸ் (முதல் தலைமுறைச் சிப்செட்), 512 கேபி சிப் ரேம், 512 கேபி ஸ்லோ ரேம் (கூடுதல் நினைவகம்) என்ற அமைப்பை வையுங்கள். எஃப்எஸ்-யுஏஇ-யில் மாடலை ஏ500 என்று கொடுத்தாலே இது வந்துவிடும். இரண்டிலும் எஃப்12 அழுத்தினால் மெனு திறக்கும்.

அந்த ஸ்லோ ரேமை எடுத்துவிட்டு 1 எம்பி சிப் ரேம் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். கூட்டினால் இரண்டும் 1 எம்பிதான். ஆனால் கூடுதல் நினைவகம் ஒரு குறிப்பிட்ட முகவரியில்தான் இருக்கும் என்று நம்பி எழுதிய விளையாட்டுகள் நிறைய. இன்னும் சில, ரோமுக்குள் நேராக ஒரு முகவரிக்குத் தாவும். 1.3-இல் அங்கே இருந்த வேலை 2.04-இல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. 1991-இல் அமிகா 500 பிளஸ் வாங்கியவர்களின் பழைய விளையாட்டுகள் பல ஓடாமல் போனதற்கு ரோமும் நினைவக அமைப்பும் மாறியதுதான் காரணம். எமுலேட்டர் உண்மையான எந்திரத்தை அப்படியே நடிப்பதால் அந்தக் கோளாறுகளையும் அப்படியே தருகிறது.

1200 அமைப்பில்தான் ஓட்டியாக வேண்டுமென்றால், ரீசெட் ஆனதும் மவுஸின் இரண்டு பொத்தான்களையும் பிடித்துக்கொண்டிருங்கள். பூட் மெனு வரும். 3.0-இலும் 3.1-இலும் அங்கே சிப்செட்டை 'ஒரிஜினல்' ஆக்கி, பிராசஸர் கேஷையும் (பிராசஸரின் உள் தற்காலிக நினைவகம்) அணைக்கலாம். ஓடிக்கொண்டே தன் புரோகிராம் கட்டளைகளைத் தானே மாற்றும் பழைய விளையாட்டுகள் கேஷ் இருந்தால் குழம்பிவிடும்.

1.2 தேவைப்படுவது அபூர்வம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தானாக பூட் ஆகும் வசதி 1.3-இல்தான் வந்தது. ஆகவே 1.2-ஐத் தேர்ந்துவிட்டு ஹார்ட் டிஸ்க் ஏறவில்லையே என்று தேடாதீர்கள்.

வேலைக்கு: 3.1

ஓவியம், இசை, எழுத்து, புரோகிராமிங் எதுவானாலும் ஏ1200 மாடல், 3.1 ரோம் (40.68), 2 எம்பி சிப், 8 எம்பி ஃபாஸ்ட் ரேம் (பிராசஸருக்கு மட்டுமான நினைவகம்) என்று வைத்தால் நிம்மதியாக வேலை நடக்கும். பிராசஸர் 68020 ஆக இருப்பதைச் சரிபாருங்கள். 1200-இன் ரோமை 68000-இல் வைத்தால் எந்திரம் கிளம்பாது. 68000 வேண்டுமென்றால் 40.63-ஐ எடுக்க வேண்டும்.

நிறுவுவதற்கு ஆறு பிளாப்பிகள்: இன்ஸ்டால், வொர்க்பெஞ்ச், லோக்கேல், எக்ஸ்ட்ராஸ், ஃபான்ட்ஸ், ஸ்டோரேஜ். எமுலேட்டரில் 500 எம்பிக்கு ஒரு ஹார்ட்ஃபைல் (ஹார்ட் டிஸ்க்காக நடிக்கும் ஃபைல்) உருவாக்கி யுஏஇ கன்ட்ரோலரில் இணையுங்கள். ஆறு பிளாப்பியையும் டிஸ்க் ஸ்வாப்பர் பட்டியலில் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் மெனுவைத் திறந்து மூட வேண்டியிருக்கும். இன்ஸ்டால் பிளாப்பியில் பூட் செய்தால் 'என்டாஸ்' என்ற பெயரோடு புதிய டிஸ்க் ஐகான் தெரியும். அதைத் தேர்ந்து, ஐகான்ஸ் மெனுவில் 'ஃபார்மட் டிஸ்க்', 'சிஸ்டம்' என்று பெயர், ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் டிக், பிறகு 'குவிக் ஃபார்மட்'. அடுத்து இன்ஸ்டால் டிராயரை (அமிகாவில் ஃபோல்டருக்கு இதுதான் பெயர்) திறந்து மொழியைத் தேர்ந்தால் மீதியை அதுவே கேட்டுக்கேட்டுச் செய்யும். முடிந்ததும் பிளாப்பியை வெளியே எடுத்துவிட்டு ரீசெட் செய்து, ஷெல்லில் (கட்டளை ஜன்னல்) 'வெர்ஷன்' என்று அடியுங்கள். கிக்ஸ்டார்ட் 40.68, வொர்க்பெஞ்ச் 40.42 என்று வர வேண்டும்.

ஹார்ட்ஃபைலை 4 ஜிபிக்கு மேல் போக விடாதீர்கள். 3.1-இன் டிஸ்க் பகுதி இடத்தை 32 பிட் எண்ணால் குறிக்கிறது. 4 ஜிபியைத் தாண்டி எழுதினால் எண் சுற்றிவந்து டிஸ்க்கின் தொடக்கத்திலேயே எழுதும், பார்ட்டிஷன் விவரமே அழிந்துபோகும். எந்த எச்சரிக்கையும் வராது. பல மாதம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென ஒருநாள் டிஸ்க் காணாமல் போவது இப்படித்தான்.

1.3-க்கும் 3.1-க்கும் இடையில் பிளாப்பி மாற்றிக்கொள்வதிலும் கவனம் தேவை. ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்த பிளாப்பியை 1.3 படிக்காது, 'நாட் எ டாஸ் டிஸ்க்' என்று சொல்லிவிடும். இரண்டுக்கும் பொதுவாக வேண்டிய பிளாப்பியை 3.1-இல் அந்த டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள்.

3.5 (1999), 3.9 (2000) இரண்டுக்கும் 3.1 ரோம், 68020, சிடி டிரைவ் அவசியம். இவை தொடக்கத்தில் செட்பேட்ச் என்ற கட்டளை வழியாகப் புதிய ரோம் பகுதிகளை நினைவகத்தில் ஏற்றி ஒருமுறை தானாக ரீசெட் ஆகும். அது கிராஷ் இல்லை, பதறி எதையும் மாற்றாதீர்கள். அமிகா ஃபாரெவரின் 3.எக்ஸ், 3.1-ஐ அடித்தளமாக வைத்துப் பிந்தைய திருத்தங்களைச் சேர்த்த ரோம். எமுலேட்டருக்குள் மட்டும் வேலை செய்வதானால் நல்ல தேர்வு. 2018-இல் வந்த 3.1.4-உம் 2021-இல் வந்த 3.2-உம் அந்தத் தொகுப்பில் வராது, தனியாக வாங்க வேண்டும்.

அடிக்கடி ரோம் மாற்ற அலுப்பாக இருந்தால் டபிள்யூஹெச்டிலோடு என்ற புரோகிராம் நல்ல வழி. 3.1 எந்திரத்தில் இருந்துகொண்டே, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தேவையான பழைய கிக்ஸ்டார்ட்டை அது நினைவகத்தில் ஏற்றி ஓட்டும். டெவ்ஸ் டிராயரில் 'கிக்ஸ்டார்ட்ஸ்' என்று ஒரு டிராயர் உருவாக்கி 1.3 ரோமை 'கிக்34005.ஏ500' என்ற பெயரிலும், 3.1 ரோமை 'கிக்40068.ஏ1200' என்ற பெயரிலும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய ஆர்டிபி ஃபைல் (ரோமை நினைவகத்தில் வேறு இடத்தில் ஏற்ற உதவும் அட்டவணை) கூடவே இருக்க வேண்டும். ரோம் பூட்டியதென்றால் சாவி ஃபைலும் அதே டிராயரில்.

ஒவ்வொரு அமைப்பும் சரியாக ஓடியவுடன் 'ஏ500-13', 'ஏ1200-31' என்று எண்ணோடு பெயரிட்டுத் தனித்தனிக் கான்ஃபிகரேஷனாகச் சேமியுங்கள். விளையாட்டின் பாதியில் எடுத்த ஸ்டேட் ஃபைல், எந்த ரோமில் எடுத்தீர்களோ அதே ரோமில்தான் ஒழுங்காகத் திரும்ப ஏறும்.