ஹவாயன்ஸுக்குப் போகிறீர்களா? மெட்டியைக் கவனியுங்கள்

"குற்றாலத்துல ஊரே பார்க்கக் குளிச்சாலும் சேலையோடதானேம்மா குளிப்போம்?"

ஒன்சென் என்கிற ஜப்பானிய வெந்நீர் ஊற்றுக் குளியலில் துணியே இல்லாமல் இறங்க வேண்டும் என்று சொன்னதும் அத்தை கேட்ட கேள்வி இது. மூன்று மாதம் எங்களோடு தங்க டோக்கியோ வந்தவர், ஒன்சென்னில் குளிக்காமல் ஊர் திரும்பக் கூடாது என்பது என் பிடிவாதம். அதற்காகத் தேடிப் பிடித்த இடம்தான் புகுஷிமா மாகாணத்தின் இவாகியில் இருக்கும் ஸ்பா ரிசார்ட் ஹவாயன்ஸ். கூச்ச சுபாவக்காரர்கள் ஒன்சென்னை இங்கே தொடங்குவதுதான் நல்லது. நீச்சலுடையோடு இறங்கும் வெந்நீர்க் குளங்களும் உண்டு, துணியில்லாமல் இறங்குபவையும் உண்டு. முதலாவதில் பழகிவிட்டு, மனசு வந்தால் இரண்டாவதுக்குப் போகலாம்.

அங்கே முன்பு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. வெட்ட வெட்ட வெந்நீர் பீறிட்டு வேலையைக் கெடுக்கும். அதை இறைத்துக் கொட்டுவதே பெரும்பாடு. நிலக்கரிக்கு மவுசு குறைந்தபோது, வீணாகக் கொட்டிய அதே வெந்நீரை வைத்து, ஹவாய்த் தீவு பாணியில், 1966-இல் 'ஜோபான் ஹவாயன் சென்டர்' திறந்தார்கள். முதலில் ஹவாய் நடனமான ஹூலா ஆடப் பயின்ற 18 பெண்களில் சுரங்கத் தொழிலாளிகளின் மகள்களும் இருந்தார்கள். இப்போதைய பெயர் 1990-இல் வந்தது.

போவது எளிது. டோக்கியோவின் உயேனோவிலிருந்து ஹிதாச்சி விரைவு ரயிலில் யுமோதோ நிலையம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து பேருந்து. இரவு தங்குகிறவர்களுக்கு டோக்கியோவிலிருந்து ஹவாயன்ஸின் பேருந்தே இருக்கிறது. அறையோடு சேர்த்து அதையும் முன்பதிவு செய்துவிடுங்கள். நாங்கள் பிப்ரவரியில் போனோம். வெளியே பல் கிட்டும் குளிர், கூரைக்குள்ளே நம்மூர் மார்கழி மாதிரி இதம். ஒரே நாளில் போய்த் திரும்பலாம்தான், ஆனால் வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் ஒரு இரவு தங்குங்கள்.

பச்சை குத்தியவர்களை உள்ளே விடுவதில்லை. ஸ்டைலுக்குக் குத்தியது, சம்பிரதாயத்துக்குக் குத்தியது என்றெல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் வீட்டுப் பாட்டியின் முன்கையில் கோலப் பச்சை இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு வைத்த மருதாணி அழியாமல் இருந்தாலும் அப்படியே.

போனதும் நீச்சல் குளங்களிலிருந்து தொடங்குங்கள். நீச்சலுடை இல்லாதவர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும். முழங்கால் வரை வரும் உடையும் முழுக்கை மேலாடையும் போட்டுக்கொண்ட அத்தையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவே அவருக்குப் பாதி தைரியம். சறுக்குகளுக்குத் தனிக் கட்டணம். 'பிக் அலோஹா' என்பது 40.5 மீட்டர் உயரத்திலிருந்து 283 மீட்டர் நீளத்துக்கு இறங்குகிறது. உயரக் கட்டுப்பாடு உண்டு, அதனால் குழந்தைக்கு ஆசை காட்டும் முன் அளந்து பாருங்கள். நான் முதலில் ஆசை காட்டிவிட்டேன். அப்புறம் அவளைச் சமாதானப்படுத்த இரண்டு ஐஸ்கிரீம் ஆயிற்று.

அடுத்து, நீச்சலுடையோடு இறங்கும் வெந்நீர்க் குளங்கள். கழுத்தளவு வெந்நீரில் அரை மணி நேரம் உட்காராதீர்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கரையில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே போகட்டும்.

இப்போது மெட்டி விஷயம். இந்த ஊற்று நீரில் கந்தகம் உண்டு. கந்தகம் பட்டால் வெள்ளி கருக்கும். பள்ளியில் படித்ததுதான், ஆனால் குளித்துவிட்டு வந்த அத்தை காலை நீட்டிக் காட்டும் வரை எனக்கு நினைவுக்கு வரவில்லை. மெட்டி இரண்டும் அடுப்புக்கரி நிறம். என் கொலுசு அதைவிட மோசம். கொலுசைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்கிறவர்கள் கருக்கும் என்று தெரிந்தே இறங்குங்கள். வீட்டுக்கு வந்து விபூதி போட்டுத் தேய்த்ததில் பளபளப்பு திரும்பிவிட்டது.

துணியில்லாக் குளியல் 'எதோ ஜோவா யோயிச்சி'. எதோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்; அந்தக் காலத்துத் தெரு மாதிரி மரக்கட்டடமும் விளக்குகளுமாக இருக்கும் திறந்தவெளிக் குளம். உலகிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் கின்னஸில் இடம்பெற்றது. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. பெரிய பையன் என்றால் அப்பாவோடு அனுப்புங்கள். இருட்டத் தொடங்கும் நேரம் போனால் ஆவி எழும்பி, பக்கத்தில் இருப்பவர் முகமே மங்கலாகத்தான் தெரியும். கூச்சத்துக்கு அதைவிட நல்ல திரை கிடையாது.

இறங்கும் முன் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். நின்றுகொண்டு பக்கத்துப் பெண்மணி மேல் தெறிக்க அடிக்காதீர்கள். கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வேண்டாம். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். அத்தை அந்தத் துண்டை முன்னால் பிடித்துக்கொண்டே மெல்ல நடந்தார், படியில் இறங்கி உட்கார்ந்தார், துண்டைத் தலைமேல் வைத்தார். "சரி, நீ எதுக்கு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிற? உள்ள வா" என்றார்.

இரவு ஹூலா நிகழ்ச்சியில் நெருப்புக் கத்தி சுழற்றும் ஆட்டமும் உண்டு. நல்ல இடம் வேண்டுமானால் கட்டண இருக்கை எடுங்கள். இலவச இடத்துக்குச் சீக்கிரம் போய் உட்கார வேண்டும். சைவக்காரர்களுக்குச் சாப்பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான், காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கலாம். நான் புளிக்காய்ச்சலும் பாக்கெட் சோறும் கொண்டுபோய் அறையில் கிளறினேன்.

கடைசியாக, இரண்டு பிளாஸ்டிக் பைகள் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பிழிந்தாலும் ஈர நீச்சலுடை திரும்பும் வழியெல்லாம் சொட்டும்.