அரிக்கா பாம் மஞ்சளானால் எந்த மட்டை என்று பாருங்கள்

வேலூர் நர்சரிகளில் ‘அரிக்கா பாம்’ என்று கொடுப்பது பாக்கு மரம் அல்ல, மடகாஸ்கரைச் சேர்ந்த அலங்காரச் செடி. ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பி, மட்டைக்காம்பு மஞ்சளாக இருந்தால் இதுதான். பாக்கு ஒற்றைத் தண்டாகவே உயரும்.

கீழ் மட்டையின் ஓரம் மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக நின்றால் மெக்னீசியக் குறைவு. ஆரஞ்சுப் புள்ளிகளும் நுனிக் கருகலும் சேர்ந்தால் பொட்டாசியக் குறைவு. புதிய இலை வெளுத்தால் இரும்பு. சுருங்கிக் கருகி விரிந்தால் மாங்கனீசு. என் தொட்டிச் செடியில் கீழ் மட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள். மண்மேல் வெள்ளையாக உப்பும் படிந்திருந்தது, போர் தண்ணீரின் வேலை.

உப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளும் அளவைப்போல் இரண்டு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி அடியில் வழியவிட்டேன். மறுநாள் 14 அங்குலத் தொட்டிக்கு பொட்டாசியத்துக்காக சல்பேட் ஆஃப் பொட்டாஷ் உரம் 5 கிராம், மெக்னீசியத்துக்காக எப்சம் உப்பு 3 கிராம், 2 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றினேன். பிறகு மாதம் ஒருமுறை. பொட்டாஷ் மட்டும் கொடுத்தால் மெக்னீசியக் குறைவு தலைகாட்டும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள குளோரைடு உப்பேறிய மண்ணை இன்னும் கெடுக்கும்.

மஞ்சள் மட்டையைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். செடி அதிலிருந்துதான் பொட்டாசியத்தை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. வெட்டினால் அடுத்த மட்டை மஞ்சளாகும். முழுக்கக் காய்ந்தபின் எடுக்கலாம். மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது, புது மட்டைகள் புள்ளியில்லாமல் நிலைத்தால் குணமாகிவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடி ஆகாது. காலை வெயில் போதும்.